இரண்டு சதவீதம்: சாணம் வாயுவான வரலாறு

1

போன பங்குனியில் மன்னார்குடிப் பக்கம் அறுவடை முடிந்த வயல் ஒன்றில் கிடை போட்டிருந்தார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்த செம்மறிகள். பகலெல்லாம் அறுத்த தாளில் மேய்ந்துவிட்டு இரவில் வலைக்குள் அடையும். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று வயல்காரர் கீதாரிக்குக் கிடைக்கூலி கொடுப்பார். ஆடு அங்கே படுத்து எழுந்து போடும் புழுக்கைக்கும் விடும் மூத்திரத்துக்குமான கூலி அது.

அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கருத்தரங்கில் சூழலியல் பேசிய ஒருவர், மேய்ச்சல் நிலத்தில் விழும் சாணமும் மூத்திரமும் பூமியைச் சூடாக்கும் வாயுவை வெளியிடுகின்றன, ஊர் ஊராக மேய்த்துத் திரிகிற தொழிலுக்கு இனி நியாயமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. நானும்தான். அதை அப்படியே கீதாரியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சத்து காத்தாப் போகுதுன்னா அது வெள்ளாமக்காரனுக்கு நட்டந்தான தம்பி? அது போகாமப் பாத்துக்கிடத்தான நாங்க ராவெல்லாம் முழிச்சுக் கெடக்கோம். இதுல நாங்க எங்க குத்தவாளி ஆனோம்?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. தமிழ் எம்.ஏ. வகுப்பில் முல்லைத் திணையை ஒரு பருவம் முழுக்கப் படித்தவன் நான். ஆயர், கொல்லை, குழலோசை, காத்திருத்தல் எல்லாம் வந்தன, சாணம் வரவில்லை. மேய்ச்சல் நிலம் என்பது நமக்கு ஓர் அழகியல் வகைமை. கீதாரிக்கு அது ஒரு கணக்கு. இப்போது உலகம் முழுவதற்குமாக வேறொரு கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு எப்படி வந்தது, யார் எழுதினார்கள், அதில் கீதாரியின் இடம் எது என்று தேடிப் பார்த்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

2

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அறிவியலை மறுப்பது என் நோக்கமல்ல. 'எல்லாம் மேற்கத்தியக் கட்டுக்கதை' என்று தள்ளிவிடுவது நம் சூழலில் சுலபமாகக் கைதட்டல் வாங்கித் தரும். ஆனால் வாயு வருவது உண்மை.

ஆடுமாடு தின்னும் புல்லிலுள்ள நைட்ரஜனில், அதாவது நம் விவசாயி தழைச்சத்து என்று சொல்வதில், பெரும்பகுதி உடம்பில் தங்குவதில்லை. கழிவாக வெளியே வந்துவிடுகிறது. மூத்திரத்தில் அது யூரியா. மண்ணில் விழுந்ததும் அது அம்மோனியாவாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மண் ஈரமாகி, காற்றோட்டம் குறையும்போது வேறுவகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைத் திரும்ப நைட்ரஜன் வாயுவாக்கி அனுப்பிவிடுகின்றன. இந்த இரண்டு வேலையின்போதும் இடையில் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு கசிகிறது. மயக்க மருந்தாகப் பயன்படும் அதே 'சிரிப்பு வாயு'தான். 2021இல் வெளிவந்த ஐ.பி.சி.சி.யின் (பருவநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையேயான குழு) ஆறாவது அறிக்கைக் கணக்கின்படி, நூறாண்டு அளவில் பார்த்தால், இதில் ஒரு கிலோ 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

மீத்தேன் கதை வேறு. கால்நடையால் வரும் மீத்தேனில் பெரும்பங்கு இரைப்பையிலிருந்து ஏப்பமாக வெளியேறுவது, சாணத்திலிருந்து வருவதல்ல. சாணம் மீத்தேனாக வேண்டுமானால் காற்றுப்படாத இடம் வேண்டும். வெயிலில் காயும் புழுக்கையில் அதற்கு வழி குறைவு. ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டியே வெப்ப நாடுகளின் மேய்ச்சல் நிலச் சாணத்தில், உண்டாகக்கூடிய மீத்தேனில் 2 சதவீதம்தான் உண்டாகும் என்கிறது. பெரும் பண்ணைகளில் சாணத்தை நீரோடு கரைத்துத் தேக்கும் குளங்களுக்கு அதே வழிகாட்டி தரும் எண் 80 சதவீதம் வரை போகிறது. ஆக மேய்ச்சல் நிலத்துச் சாணத்தின் மீதான குற்றச்சாட்டு முக்கியமாக நைட்ரஸ் ஆக்சைடு பற்றியது. அது எவ்வளவு என்பதில்தான் வரலாறு தொடங்குகிறது.

3

சாணம் அரசின் கணக்குப் புத்தகத்தில் ஏறியது இந்த வாயுவால் அல்ல. 1889இல் காலனிய அரசின் அழைப்பில் இங்கிலாந்திலிருந்து ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் வந்தார். அங்கத்திய ராயல் வேளாண்மைச் சங்கத்தின் ஆலோசக வேதியியலாளர் அவர். நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கை 1893இல் அச்சாயிற்று. இந்திய விவசாயி மூடன், எருவாக வேண்டிய சாணத்தை அடுப்பில் போட்டு எரிக்கிறான் என்பது அன்றைய வெள்ளை அதிகாரிகளிடையே புழங்கிய பேச்சு. வோல்க்கர் அதை மறுத்தார். விறகு கிடைக்காததால்தான் எரிக்கிறான். விறகுக்கும் தீவனத்துக்குமாகத் தனிக் காப்புக்காடுகள் அமைத்தால் சாணம் தானாக வயலுக்குப் போகும் என்றார்.

நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பிரதியில் சாணம் என்னவாக இருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். அது வயலுக்குச் சேரவேண்டிய நைட்ரஜன். சேராமல் போனால் விளைச்சலில், அதன் வழியாக வருவாயில், நட்டம். இதே காலத்தில்தான் 1878இன் இந்திய வனச் சட்டமும் 1882இன் சென்னை வனச் சட்டமும் மேய்ச்சலை அனுமதிச்சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்படுத்தின. சாணம் ஒரு துறையின் கோப்பில் செல்வம். அதைப் போடுகிற மாட்டின் பின்னால் நடந்தவன் இன்னொரு துறையின் கோப்பில் அத்துமீறி நுழைந்தவன். இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று பார்க்கவேயில்லை.

வாயு இதற்கு இணையாக வேறொரு பாதையில் வந்துகொண்டிருந்தது. நைட்ரஸ் ஆக்சைடை 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்தார். அம்மோனியா நைட்ரேட்டாவது நுண்ணுயிர்களின் வேலை என்று 1877இல் பிரான்சில் ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் காட்டினார்கள். ஆனால் இந்த வாயு வளிமண்டலத்திலேயே இருக்கிறது என்று 1930களின் இறுதியில்தான், சூரிய ஒளியின் நிறமாலையைப் பார்த்து ஆர்தர் அடெல் கண்டுபிடித்தார். 1970இல் பால் குருட்சன் இதை ஓசோன் அழிவோடு தொடர்புபடுத்தினார். இது பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஒன்று என்று கணக்கிட்டுக் காட்டிய ஆய்வு 1976இல் வந்தது. அதாவது, சாணத்தை வாயுவாகப் பார்க்கிற பார்வைக்கு வயது ஐம்பதுதான். அதுவரை சாணத்திலிருந்து எதுவாவது 'போயிற்று' என்றால் அது வயலிலிருந்து போயிற்று என்றே பொருள். இனி அது வானத்துக்குள் போயிற்று என்று பொருள். ஒரே நிகழ்வு, நட்டப்பட்டவர் மாறிவிட்டார். கீதாரியின் கேள்வி இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

4

1988இல் ஐ.பி.சி.சி. உருவானது. 1992இல் ரியோ மாநாட்டில் பருவநிலை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி ஒவ்வொரு நாடும் தான் வெளியிடும் வாயுக்களுக்குக் கணக்கு தரவேண்டும். கணக்கு எழுத ஒரு பொது முறை வேண்டும். அப்படி வந்தவைதான் வழிகாட்டிகள். அவற்றில் சாணத்துக்கு அட்டவணை உண்டு: குளத்தில் தேக்கியது, குவித்து வைத்தது, எரித்தது, என்று கட்டம் கட்டமாக. அதில் ஒரு கட்டத்தின் பெயர் 'மேய்ச்சல் நிலம், புல்வெளி, அடைப்பு.' அதற்கான விளக்கம் இதுதான்: மேயும் விலங்கின் சாணம் விழுந்தது விழுந்தபடி கிடக்கும், அது கையாளப்படுவதில்லை.

'கையாளப்படாத' என்ற இந்த ஒரு சொல்தான் என்னை நிறுத்திவைத்தது. சொல்லாடல் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு சொல் எப்படி ஒரு உழைப்பை மறைக்கும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது. கிடையில் சாணத்தை யாரும் கையால் தொடுவதில்லை என்பது சரி. ஆனால் அது எங்கே விழவேண்டும், எத்தனை இரவு விழவேண்டும், எவ்வளவு அடர்த்தியாக விழவேண்டும் என்பதெல்லாம் தீர்மானிக்கப்பட்டவை. நடு ராத்திரியில் ஒருதரம் மந்தையை எழுப்பிப் படுக்கும் இடத்தை மாற்றுவார்கள்; மூத்திரம் ஒரே இடத்தில் தேங்கக்கூடாது என்பதற்காக. எருவைச் சுமக்காமல், எரு போடும் உடம்பை நடத்திக்கொண்டுபோய் நிறுத்துகிற தொழில்நுட்பம் இது. 'ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்' என்ற பழமொழி, எந்த எருவின் சத்து எவ்வளவு வேகமாகப் பயிருக்குக் கிடைக்கும் என்பதைப் பற்றிய ஒரு கோட்பாடு. அட்டவணையின் பார்வையில் இது எதுவுமே 'கையாளுதல்' இல்லை. மனிதன் நீங்கிவிடுகிறான்; விலங்கு, சாணம், வாயு மூன்றும்தான் மிச்சம்.

அடுத்தது எண். திருத்தப்பட்ட 1996 வழிகாட்டி, மேய்ச்சல் நிலத்தில் விழும் கழிவிலுள்ள நைட்ரஜனில் 2 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்று வைத்தது. மாடோ ஆடோ, மழைக்காடோ பொட்டலோ, எல்லாவற்றுக்கும் ஒரே எண். 2006 வழிகாட்டியில் ஆட்டுக்கு மட்டும் அது 1 சதவீதமாகியது. மாட்டுக்கு 2 அப்படியே நின்றது. 2019இல் வந்த திருத்தத்தில் மாட்டுக்கான எண் 0.4 சதவீதம். ஈரமான தட்பவெப்பத்தில் 0.6, வறண்ட தட்பவெப்பத்தில் 0.2. ஆட்டுக்கு 0.3.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மாடு வருஷத்துக்கு 50 கிலோ நைட்ரஜனைக் கழிவாக வெளியேற்றுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1996இன் எண்ணில், இன்றைய 273 மடங்கைக் கொண்டு பெருக்கினால், அது 429 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 2019இன் பொது எண்ணில் 86 கிலோ. வறண்ட நிலத்துக்கான எண்ணில் 43 கிலோ. மாடு அதே மாடு. புல் அதே புல். இருபத்து மூன்று வருஷத்தில் வறண்ட நிலத்து மாட்டின் சாணக் 'குற்றம்' பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது என்பதுதான் சரியான விவரிப்பு. என் கேள்வி, எதைக்கொண்டு திருத்தியது, முதலில் எதைக்கொண்டு எழுதியது என்பது. மேய்ச்சல் நிலத்தில் மூடுபெட்டி வைத்து வாயுவை அளக்கும் ஆய்வுகள் பெருமளவு நடந்தது ஐரோப்பாவிலும் நியூசிலாந்து போன்ற இடங்களிலும்தான். உரமிட்ட, மழை குறையாத, புல் மண்டிய நிலங்கள். அந்த ஈரத்திலிருந்து பிறந்த எண், ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிக்கும் நம்முடைய கரம்புக்கும் பொது எண்ணாக நின்றது. சொந்தமாக அளந்த எண் இல்லாத நாடு பொது எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். ஐரோப்பிய மொழிகளில் புள்ளிவிவரம் என்ற சொல்லின் வேரில் அரசு என்ற சொல் இருக்கிறது. எண்ணிக்கைக்கும் ஆட்சிக்கும் உள்ள உறவைப் பற்றி ஃபூக்கோ வழியாக நாம் படித்ததெல்லாம் இங்கே கண்முன் நடக்கிறது.

5

அளக்க முடிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு நியூசிலாந்து நல்ல சான்று. அந்த நாட்டின் மொத்த வெளியீட்டில் ஏறத்தாழப் பாதி வேளாண்மையிலிருந்து, பெரும்பாலும் ஆடுமாடுகளிலிருந்து, வருகிறது. ஆகவே இந்த எண்ணின் ஒவ்வொரு தசமத்துக்கும் அங்கே பணமதிப்பு உண்டு. அவர்கள் அளந்தார்கள். மூத்திரமும் சாணமும் ஒன்றல்ல என்று கண்டார்கள். தங்கள் கணக்கில் மாட்டு மூத்திரத்துக்கு 1 சதவீதம், சாணத்துக்கு 0.25 சதவீதம் என்று தனித்தனி எண் வைத்துக்கொண்டார்கள். சாணத்துக்குள் கட்டுண்டிருக்கும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளிவரும். மூத்திரத்தில் அது உடனே கிடைக்கும். நம் பழமொழி பேசுகிற அதே வேகம் பற்றிய அறிவுதான். வித்தியாசம், அங்கே அது எண்ணாகி ஐக்கிய நாடுகள் சபைக்குப் போனது.

2003இல் கால்நடை வாயு ஆராய்ச்சிக்கென்று விவசாயிகளிடம் ஒரு வரி வசூலிக்க அந்நாட்டு அரசு நினைத்தது. 'குசு வரி' என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்துப் போராடினார்கள். ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் டிராக்டரை ஏற்றினார். வரி கைவிடப்பட்டது. 2022இல் வேறு வடிவத்தில் மறுபடியும் ஒரு கட்டண யோசனை வந்தது. மறுபடியும் டிராக்டர்கள் தெருவுக்கு வந்தன. 2024இல் புதிய அரசு, வாயு வெளியீட்டு வணிகத் திட்டத்திலிருந்து வேளாண்மையை வெளியே வைப்பதாக அறிவித்தது. இந்தப் போராட்டங்களின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. ஏற்றுமதிப் பால்பண்ணைக்காரரின் எதிர்ப்பும் வலைக்குள் ஆட்டை அடைப்பவரின் கேள்வியும் ஒன்றல்ல. முன்னவருக்கு டிராக்டர் இருக்கிறது, ஏறுவதற்குப் படிக்கட்டும் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

6

நம் பக்கத்திலிருந்து எதிர்ப்பே வரவில்லை என்று சொல்லமுடியாது. 1991இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூல் எழுதினார்கள். வாஷிங்டனின் உலக வளங்கள் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இந்தியாவும் சீனாவும் பெரும் குற்றவாளிகளின் வரிசையில் நின்றன. ஏழை நாட்டு உழவனின் மாட்டையும் நெல்வயலையும் பணக்கார நாட்டின் காரோடு ஒரே தராசில் வைப்பது சுற்றுச்சூழல் காலனியம் என்று இருவரும் எழுதினார்கள். பிழைப்புக்கான வெளியீடு வேறு, சொகுசுக்கான வெளியீடு வேறு என்ற பாகுபாட்டை முன்வைத்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பாகுபாடு பழசாகவில்லை.

ஆனால் அந்தச் சொல் பின்னால் யார் கைக்குப் போனது என்பதையும் பார்க்கவேண்டும். 2021இல் கிளாஸ்கோவில் உலக மீத்தேன் உறுதிமொழி முன்வைக்கப்பட்டபோது இந்தியா அதில் சேரவில்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் அரசு தந்த விளக்கங்களில் 1991இன் அதே சொல் வந்தது: எங்கள் வேளாண்மை வெளியீடு பிழைப்புக்கானது. சரிதான். ஆனால் பிழைக்கிறவன் யார்? அவனுக்கு மேய்க்க நிலம் எங்கே? கிராமத்து மேய்க்கால் புறம்போக்கு என்ன ஆனது? 2006இன் வன உரிமைச் சட்டம், பருவந்தோறும் வந்துபோகும் மேய்ச்சல்காரர்களின் உரிமையையும் ஏற்றுக்கொள்கிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அந்தத் தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. மலைமாடு வைத்திருப்பவர்களுக்கு அந்த இடைப்பட்ட நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

ஆக, சர்வதேச மேடையில் மேய்ப்பவன் தேசத்தின் கேடயம். ஊருக்குள் அவன் 1882இலிருந்து மாறாத அதே அத்துமீறி. தேசம் என்ற அலகு அவன் பெயரால் பேசுகிறது, அவனிடம் பேசுவதில்லை. அகர்வாலும் நாராயணும் தலைக்கு இவ்வளவு என்று பங்கு கேட்டார்கள். அந்தத் தலைகளைத் தேசம் மொத்தமாகக் கூட்டி வைத்துக்கொண்டது.

7

இனி கீதாரியின் கேள்விக்கு வரவேண்டும். அவரைப் புனிதராக்கிவிட்டுக் கட்டுரையை முடிப்பது எளிது. ஆனால் தரவு அப்படி விடவில்லை.

கென்யாவில் ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன் மேய்ப்பர்கள் தங்கிய இடங்களை ஆராய்ந்த ஃபியோனா மார்ஷல் குழுவினர் 2018இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இரவில் ஆடுமாடு அடைத்த இடங்களில் குவிந்த சாணம், வளமற்ற புல்வெளிக்கு நடுவே வளமான திட்டுகளை உண்டாக்கியிருக்கிறது. அந்த வளம் இன்னும் தீரவில்லை. காட்டு விலங்குகள் இன்றும் அங்கே மேய்கின்றன. மேய்ச்சல் என்றாலே நிலத்தைப் பாழாக்குவது என்ற காலனியக் கதையாடலுக்கு இது நேரடி மறுப்பு. ஆனால் 2020இல் அதே கென்யாவிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. 'போமா' எனப்படும் பட்டிகளில் அளந்து பார்த்ததில், சாணம் குவிந்த அந்த இடங்கள் நைட்ரஸ் ஆக்சைடின் பெரும் ஊற்றுகள் என்று தெரிந்தது. கைவிட்டு நாற்பது வருஷம் ஆன பட்டியிலும் சுற்றுப்புறத்தைவிடப் பல மடங்கு வாயு வந்துகொண்டிருந்தது. வறண்ட நிலத்துக்கு 0.2 என்று எழுதிய கட்டத்துக்குள் இந்தப் பட்டி அடங்கவில்லை. பழைய எண் ஏழையின் மேல் அதிகமாக எழுதியது என்றால், புதிய எண் ஒரு இடத்தில் குறைவாக எழுதியிருக்கிறது.

இரண்டு ஆய்வையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. விலங்கு மட்டும் இந்தக் கணக்கைத் தீர்மானிப்பதில்லை. சாணம் எங்கே, எவ்வளவு காலம் குவிகிறது என்பதும் தீர்மானிக்கிறது. குவிந்து கிடந்தால் வளமும் அங்கேயே, கசிவும் அங்கேயே.

தென்னிந்தியாவில் இதற்கு மிகப் பழைய சாட்சி இருக்கிறது. பல்லாரியைச் சுற்றியுள்ள கர்நாடக, ஆந்திர, தெலங்கானப் பகுதிகளில் சாம்பல் மேடுகள் நிற்கின்றன. அரக்கனை எரித்த சாம்பல் என்று ஊர்க்கதை. பல்லாவரத்தில் 1863இல் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இவை எரிந்த சாணம் என்று கருதினார். 1960இல் சாய்னரின் ஆய்வு அதை உறுதிசெய்தது. உட்னூரில் 1957இல் தோண்டிய ரேமண்ட் ஆல்சின், புதிய கற்காலத்தில் மாடு அடைத்த தொழுவங்களில் குவிந்த சாணம் திரும்பத் திரும்ப எரிக்கப்பட்டதால் உண்டானவை இவை என்று காட்டினார். நாலாயிரம், ஐந்தாயிரம் வருஷத்துக்கு முன் சாணத்தைக் குவித்தவர்கள் அதை வயலுக்குக் கொண்டுபோகவில்லை, எரித்தார்கள். எங்கோ ஓர் இடத்தில், யாரோ, சாணத்தைக் குவிப்பதற்குப் பதிலாக மந்தையை நகர்த்தலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. கிடைதான் அவர்களுடைய எச்சம்.

கிடை நகர்கிறது. ஓரிரு இரவில் வலை அடுத்த வயலுக்குப் போய்விடும். சத்து பரவுகிறது, பின்னால் உழுது பயிர் வைக்கும்போது வேர் அதை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு கசிகிறது என்பதைக் கிடை போட்ட வயலில் மூடுபெட்டி வைத்து, கோடை மழை விழும் நாளையும் சேர்த்து, ஒரு வருஷம் அளக்கவேண்டும். விழுந்தது விழுந்தபடி கிடக்கும் சாணம் என்ற கட்டத்தில் அதை அடைக்கக்கூடாது. கிடைக்கென்று ஒரு தனிக் கட்டம் வேண்டும். அதற்கான விளக்கத்தில் 'கையாளப்படுகிறது' என்ற சொல் வேண்டும். பெட்டியை எங்கே வைப்பது என்று கீதாரியிடம் கேட்கவேண்டும். மூத்திரம் எங்கே தேங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லலாம் என்று வைகாசியில் திரும்பப் போனேன். கிடை கிளம்பிவிட்டிருந்தது. வயல்காரர்தான் இருந்தார். மண்ணைக் காலால் கிளறிக் காட்டினார். "நாலு ராத்திரிதான் போட்டாரு. குறுவைக்கு யூரியா ஒரு மூட்டை கம்மியாத்தான் போடப்போறேன்" என்றார். தொழிற்சாலையில் இயற்கை எரிவாயுவைச் செலவழித்துச் செய்யப்படும் அந்த ஒரு மூட்டை யூரியாவின் வெளியீடு எந்தக் கட்டத்திலிருந்து குறையும், எவர் பேரில் வரவு வைக்கப்படும் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். கீதாரி பேரில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.